கணினியில் ராம் கூட்டியாச்சு, வேகம் கூடியிருக்கா? நாமே அளந்து பார்க்கலாம்

போடியில் எங்கள் மாமாவின் ஏலக்காய்க் கடையில் ஒரு பழைய கணினி. 4 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி கையில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்), பழைய ஹார்டு டிஸ்க். வண்டன்மேடு, பூப்பாறைப் பக்கமிருந்து மலையிறங்கும் சரக்கின் எடை, ரகம், விலை எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கும். ஏலம் நடக்கிற நாளில் அந்தக் கோப்பு, டாலி கணக்கு மென்பொருள், குரோமில் பத்து டேப் என எல்லாமே திறந்து கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் வியாபாரி அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

அதனால் இன்னொரு 4 ஜிபி வாங்கினோம். "மாட்டிட்டா வேகமாயிடும்ல மாப்ளே, அப்புறம் எதுக்கு அளக்கணும்?" என்றார் மாமா. காசு போட்டு வாங்கிய எதுவும் முதல் வாரம் நன்றாகத்தான் தெரியும். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை அளக்க வேண்டும். முன்கணக்கு இல்லாமல் பின்கணக்கு எதற்கும் உதவாது. ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? கணினியை அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கி, புது ராமைக் கழற்றிவிட்டு அளங்கள்.

எதை அளப்பது? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இணையத்தில் கிடைக்கும், கணினிக்கு மதிப்பெண் போடும் மென்பொருள்களை நம்பி இருக்காதீர்கள். உங்கள் அன்றாட வேலையையே சோதனையாக்குங்கள். நாங்கள் செய்தது இதுதான்: கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டோம். விண்டோஸ் பின்னணி வேலைகளை முடிக்கட்டும். அப்புறம் டாலி, குரோமின் பத்து டேப், கடைசியாக எக்செல் கோப்பு. கோப்பைச் சொடுக்கியது முதல் கடைசி வரிசை கண்ணில் படும்வரை போனின் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்தோம். இதையே மூன்று முறை செய்து நடுவில் வரும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் கட்டாயம். ஒருமுறை திறந்த கோப்பை விண்டோஸ் ராமிலேயே வைத்திருக்கும், இரண்டாவது முறை அது சட்டென்று திறந்து நம்மை ஏமாற்றிவிடும். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் போதாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் கணினி முழுதாக அணைவதில்லை.

நேரம் மட்டும் காரணத்தைச் சொல்லாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபார்மன்ஸ், அங்கிருந்து ரிசோர்ஸ் மானிட்டர், அதில் மெமரி. 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்று ஒரு எண் ஓடும். தேவையான தகவல் ராமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுத்து வந்த தடவைகள் அவை. ராமில் நொடியின் கோடியில் ஒரு பங்கில் முடியும் வேலைக்குச் சுழலும் டிஸ்க் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும். மென்பொருளை முதன்முதலாகத் திறக்கும்போது இந்த எண் எகிறுவது சகஜம். எல்லாம் திறந்தபின் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போதும் நூற்றுக்கணக்கில் நின்றால், ராம் போதவில்லை. ராம் கூட்டியபின் அங்கே பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். மாமா கடையில் அப்படித்தான் நின்றது. விண்டோ மாறுவதில் இருந்த இழுவை போயே போச்சு.

அதே பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கி மொத்த அளவையும் வேகத்தையும் பாருங்கள். பழைய ராமின் வேகம் 2400, புதியது 2666 என்றால் இரண்டும் 2400-லேயே ஓடும். 8 ஜிபி போட்டும் ஏறத்தாழ 7.8 மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம், மீதியைத் திரைக்காட்சி போன்றவற்றுக்கு ஒதுக்கியிருக்கும். ஆனால் 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது, அதை மாற்றியே ஆக வேண்டும். 'இன் யூஸ்' அளவு முன்பைவிடக் கூடியிருந்தாலும் பதறாதீர்கள், இடம் இருந்தால் விண்டோஸ் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பட்டனை அழுத்தியதிலிருந்து கணினி எழுந்து வரும் நேரம் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். அது டிஸ்க்கின் வேலை. அடுத்த சீசனுக்குள் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்க மாமா சம்மதித்திருக்கிறார். முன்கணக்கை இப்போதே நோட்டில் எழுதி வைத்துவிட்டோம்.