பொம்மை ஓவனில் கேக்: பல்பை மாற்றுவதற்கு முன்

போன சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பழைய ஈசி-பேக் ஓவன் (பல்புச் சூட்டில் நிஜமாகவே கேக் வேகும் குழந்தைகள் பொம்மை) ஒன்றைக் குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "ஒரு மணி நேரமா வச்சும் வேகலைக்கா." மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே புத்தம் புதிய எல்இடி பல்பு. என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது நான் செய்த அதே தவறு.

கையைக் கழுவு, கேக் மாவுப் பாக்கெட்டைப் படி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கீழே இருப்பவை செய்யக் கூடாத தவறுகள்.

எல்இடி பல்பு

1963-ல் சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனம் விற்ற முதல் ஓவனில் அடுப்பே இரண்டு 100 வாட் குண்டு பல்புகள்தான். பின்னால் வந்த மாடல்களில் ஒரே பல்பு. குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகப் போய்விடும். வீட்டு விளக்குக்கு அது நஷ்டம், ஆனால் கேக் வேகுவது அந்தச் சூட்டில்தான். எல்இடி அட்டையில் "100 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருப்பது வெளிச்சக் கணக்கு. அது இழுப்பது ஏறக்குறைய 15 வாட்.

இது தெரியாமல்தான் கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) வாங்கிய ஓவனில் ஃபியூஸ் போன பல்பை எடுத்துவிட்டு எல்இடியை மாட்டினேன். மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி கழித்துத் தட்டை இழுத்தால் மாவு வெதுவெதுப்பாக, மேலே மட்டும் இட்லி மாவு போல நுரைத்திருந்தது. விரலை வைத்தால் அடி வரை இறங்கியது. இன்னும் இருபது நிமிடம், இன்னும் இருபது நிமிடம் என்று மூன்று தட்டு மாவை வீணாக்கினேன். முட்டை சேர்த்த மாவை அப்படி வெதுவெதுப்பில் வைத்திருப்பது கிருமி வளர்க்கும் வேலை என்பது அப்போது உறைக்கவில்லை. கடைசியில் ஓவன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டேன். நன்றாக இருந்த ஓவன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஆகவே முதலில் ஹோல்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். அதே அளவில் குண்டு பல்பு போடுங்கள். கூடுதல் வாட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் இளகும். 2007-ல் அமெரிக்கா கொண்டுவந்த மின்சிக்கனச் சட்டத்துக்குப் பிறகு 100 வாட் குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைக்காவிட்டால் 2011-ல் வந்த மாடலை வாங்குங்கள். அதில் பல்பே இல்லை, சூட்டுக் கம்பிதான்.

தட்டு நிறைய மாவு

பாதிக்கு மேல் வேண்டாம். பொங்கினால் தட்டு வழியிலேயே சிக்கும்.

சூடேறும் முன் தட்டைத் தள்ளுவது

கால் மணி நேரம் பொறுங்கள்.

பழைய ஓவனை விசாரிக்காமல் வாங்குவது

2006-ல் வந்த, முன்பக்கம் திறக்கும் மாடலில் குழந்தைகளின் கை உள்ளே சிக்கித் தீக்காயம் பட்டது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி விரலின் ஒரு பகுதியையே இழந்தாள். 2007-ல் சுமார் பத்து லட்சம் ஓவன்களைத் திரும்பப் பெற்றார்கள். கராஜ் சேலில் அது கண்ணில் பட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஊருக்கு எடுத்துப் போவது

இது 120 வோல்ட் ஓவன். சென்னையில் 230. வோல்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகாதீர்கள்.