கடல் உயிரியல் லேபில் இன்டர்ன்ஷிப்: பிளாங்டன் எண்ணும் வேலை வந்தால் எப்படிச் செய்வது?

கடல் உயிரியல் இன்டர்ன்ஷிப் என்றதும் டைவிங், டால்பின் என்றுதான் கேட்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பிளாங்டன் வேலை: வலையில் சிக்கிய மிதவை உயிரிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வகை பிரித்து, எண்ணுவது. உங்களுக்கும் அதுவே வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள். மீன்குஞ்சுகளுக்குச் சாப்பாடே இவைதான்.

முதலில் லேபிள். தேதி, இடம், ஆழம், வலைக்கண் அளவு எல்லாவற்றையும் நீரில் ஊறாத தாளில் பென்சிலால் எழுதி, ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும். படகிலேயே எழுதிவிடுங்கள். லேபுக்கு வந்தபின் எல்லா ஜாடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்தது, மாதிரி கெடாமல் வைப்பது. எண்ணுவதற்கான மாதிரி என்றால் போராக்ஸ் கலந்த 4 சதவீத ஃபார்மலின். போராக்ஸ் இல்லாவிட்டால் அமிலம் ஏறி, சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும். டிஎன்ஏ ஆய்வுக்கு 95 சதவீத எத்தனால். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கையுறை போட்டு, ஃப்யூம் ஹூடில் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வைத்து மட்டும் திறங்கள். எண்ணும் முன் சல்லடையில் அலசுங்கள். வடிந்ததைக் கழிவு கேனில் ஊற்ற வேண்டும், சிங்க்கில் அல்ல.

எண்ணும் தட்டில் பெரும்பாலும் கோப்பிபாட்தான் (இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரி) இருக்கும். இனப் பெயருக்கு அவசரப்படாதீர்கள், முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். ஏறக்குறைய உடல் நீளத்துக்கு இருந்தால் கலனாய்டு என்ற பிரிவு. பாதி உடலைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் சைக்ளோபாய்டு. குட்டையாக முன்னால் துருத்திக்கொண்டு, உடலும் பின்பக்கம் வரை ஒரே அகலமாக வந்தால் ஹார்பாக்டிகாய்டு. இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் வேலை பாதி குறைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் கோப்பிபாட். ஒவ்வொரு முட்டையும் தனித்தனி உருண்டையாகத் தெரியும்.

ஜாடியை மெதுவாகக் கலக்கி, அடியில் படிவதற்குள் வாய் அகன்ற பிப்பெட்டால் 1 மில்லி எடுங்கள். கணக்கு இப்படி: வலைவாய் விட்டம் 50 செ.மீ., ஃப்ளோமீட்டர் (வலை வழியே ஓடிய நீரை அளக்கும் கருவி) காட்டும் தூரம் 100 மீட்டர் என்றால், வடிகட்டிய நீர் சுமார் 19.6 கனமீட்டர். மாதிரியின் மொத்தக் கொள்ளளவு 200 மில்லி, அதில் 1 மில்லிக்கு 40 கோப்பிபாட் என்றால் ஜாடியில் 8,000. கனமீட்டருக்கு ஏறத்தாழ 400. ஒரே ஜாடியிலிருந்து மூன்று முறையாவது எடுத்து எண்ணிச் சராசரி பாருங்கள்.

முதல் ஜாடிகளை முடித்ததும், அனுபவமுள்ள ஒருவரை அதே தட்டை எண்ணச் சொல்லி, வகைவாரியாக ஒப்பிடுங்கள். கணக்கு இடிப்பது பெரும்பாலும் நாப்ளியஸ் லார்வாக்களில்தான் (முட்டையிலிருந்து வந்த முதல் நிலைக் குஞ்சுகள்). அவற்றை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.