குடிப்பவருக்கு நெஞ்சு படபடத்தால்

என் அண்ணன் தினமும் குடிப்பவர். கை நடுக்கம், பாதத்தில் ஊசி குத்தல், நடுராத்திரியில் படபடப்பு. 'வாயு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். அண்ணனுக்கு மூன்று துடிப்பு அடுத்தடுத்து வரும், ஒன்று காணாமல் போகும், மறுபடி தடதடவென்று ஓடும். இப்படித் தாறுமாறாக இருந்தால் அன்றே இசிஜி எடுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் 24 மணிநேர ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) பற்றிக் கேளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். குடி இரண்டையும் குறைத்துவிடும்.

குடிக்கும் அளவை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அண்ணன் பாதிதான் சொன்னார். மீதியை நான் சொன்னேன்.

பயந்துபோய் ஒரே நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் என்றால் உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.