'அல்' என்று தொடங்கினால் அரபுச் சொல்லா?

சொற்களின் பூர்வீகம் தேடுவதில் ருசி கண்டவர்களை மத்தியதரைக் கடல் லேசில் விடாது. ஸ்பானியம், இத்தாலியம், கிரேக்கம், துருக்கி, அரபு எல்லாம் அதன் கரைகளில் நூற்றாண்டுக் கணக்காக வியாபாரம் செய்து, சண்டை போட்டு, சொற்களைக் கைமாற்றிக்கொண்டவை. வழுக்கி விழுவதும் அங்கே சுலபம்.

ஸ்பானியச் சொல் 'அல்' என்று தொடங்கினால் உடனே அரபு என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. பருத்திக்கான அல்கொதோன் அரபுதான். அரபுக்காரர்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் 'அல்'லோடு சேர்த்தே வாங்கிவிட்டார்கள். இத்தாலியர் அதைக் கழற்றிவிட்டு கொத்தோனே என்கிறார்கள். ஆனால் பாதாமுக்கான அல்மெந்த்ரா கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. போர்ச்சுகீசியத்தில் அது அமெந்தோவா. அதில் 'ல்' கிடையாது. சுற்றிலும் அத்தனை 'அல்' ஒலித்ததில் இதற்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, அரபு என்று உறுதியானால் தேடல் முடிந்ததா? அதுவும் இல்லை. ஆப்ரிகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பழுப்பது என்ற பொருளில் ரோமானியர் அதை பிரைகோக்வும் என்றார்கள். கிரேக்கர் வாயில் பிரைகோகியோன் ஆயிற்று. அரபுக்குப் போய் அல்-பர்கூக் ஆனது. அங்கிருந்து ஸ்பெயினில் அல்பரிகோகே, கட்டலானில் அல்பெர்கோக், பிரெஞ்சில் அப்ரிகோ. லத்தீனில் கிளம்பிய சொல் கடலைச் சுற்றிவந்து லத்தீனின் பிள்ளைகளிடமே அரபு வேஷத்தில் இறங்கியிருக்கிறது! இதற்கிடையே எகிப்தில் பர்கூக் என்று கேட்டால் இன்று பிளம்ஸ்தான் கிடைக்கும். அகராதி காட்டுவது கடைசியாக ஏறிய பஸ் ஸ்டாப்பாகவும் இருக்கலாம்.

ஒரு பழத்துக்கு ஒரே பெயர்தான் பயணம் செய்திருக்கும் என்பதும் தப்புக்கணக்கு. கிரேக்கர்களிடம் கசப்பு ஆரஞ்சு நெராந்த்ஸி, இனிப்பு ஆரஞ்சு போர்தொகாலி. முதலாவது அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போகிறது. அதற்கும் பின்னால் திராவிட மூலம் என்பது பல அறிஞர்களின் கருத்து. நம் நாரத்தை அந்தச் சொந்தம். இரண்டாவது போர்ச்சுகல் நாட்டின் பெயர். இனிப்பு ரகம் பிறகு போர்ச்சுகீசிய வியாபாரத்தோடு பரவியதால், அரபும் துருக்கியும் கூட அந்தப் பெயரையே வைத்திருக்கின்றன.

ஆள்பவன் கொடுப்பான், ஆளப்படுபவன் வாங்குவான் என்ற நினைப்பும் இந்தக் கடலில் செல்லாது. 1453-ல் கிரேக்கர்களின் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தவர்கள் துருக்கியர். ஆனால் துருக்கி மொழியில் துறைமுகத்துக்கு லிமான், விளக்குக்கு ஃபெனெர், கொடுவாய் போன்ற ஒரு மீனுக்கு லெவ்ரெக், மூன்றும் கிரேக்கம். கடலில் வேலை செய்தவன் சொல்தான் கரைக்கு வந்தது.

கடைசியாக மால்டா என்ற தீவு நாட்டின் மொழி. அந்த மொழியின் சொற்களில் ஏறக்குறைய பாதி சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவை, எழுத்தும் லத்தீன் எழுத்து. அதைப் பார்த்து இத்தாலியத்தின் கிளைமொழி என்று நினைப்பவர்கள் உண்டு. அஸ்திவாரம் அரபு. அறைக்கு, லத்தீனில் பிறந்த ஒரு சொல்லை அந்தப் பக்கத்திலிருந்து கம்ரா என்று கடன் வாங்கினார்கள். பல அறைகள் என்றால் க்மாமர். விகுதி சேர்க்காமல் சொல்லின் வயிற்றையே மாற்றிப் பன்மையாக்குவது அரபு இலக்கணத்தின் வழக்கம். இந்தியில் அறையைக் குறிக்கும் கம்ராவும் இதே லத்தீன் சொல்லின் வாரிசுதான். அது போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்தது; பன்மையில் சாதுவாக கம்ரே என்று நின்றுவிடுகிறது.