பிப்ரவரி வெயிலை நம்பி ஏமாறாமல் இருக்க

சிகாகோவில் 2024 பிப்ரவரி 27 அன்று பகலில் 23 டிகிரி செல்சியஸ் வரை ஏறிய வெப்பம், மாலையில் புறநகர்ப் பகுதிகளை டொர்னாடோக்கள் (கடும் சுழல்காற்றுகள்) தாக்கிய பின், மறுநாள் காலைக்குள் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்டது. எனவே, இதமான தெற்குக் காற்று வீசும் நாளில், குளிர்முகப்பு (பின்னால் வரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதையும் முன்னறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். டொர்னாடோ எச்சரிக்கை வந்தால், வீட்டின் நிலவறைக்கோ சன்னல் இல்லாத உள்ளறைக்கோ உடனே செல்லுங்கள்.

தோட்டக் குழாயில் மாட்டிய ஹோஸை அன்று மாலையே கழற்றி, நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிந்தால் சுவருக்குள் குழாய் வெடிக்கக்கூடும், அதுவும் பெரும்பாலும் வசந்தத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும். மழை ஈரம் காய்வதற்குள் குளிர் இறங்கிவிட்டால் அது உறைந்துவிடும்; மேலும் கீழும் குளிர்காற்று படுவதால், சாலைகளைவிடப் பாலங்களே முதலில் உறையும்; காலையில் அங்கே வேகத்தைக் குறைத்து, திடீரென பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.