பழைய லேப்டாப்பில் வியூக விளையாட்டு: வெஸ்நாத்தில் தொடங்கி எங்கே போகலாம்?

ஆளுக்கொரு முறை நகர்த்தி ஆடும் வியூக விளையாட்டில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் பெயர் ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. 2003-இல் வெளிவந்தது, முழுக்க இலவசம். கோவை கிராஸ்கட் ரோட்டில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய லேப்டாப்பிலும் ஓடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம் ஆடுகிறவருக்கும், மளிகைக் கடையில் ஆள் வராத நேரத்தில் ஆடுகிறவருக்கும் இந்த வகைதான் ஒத்துவரும். பாதியில் எழுந்து போனால் எதிரி காத்திருப்பான். ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆட்டம் தானாகவே சேமிக்கப்படுவதால், கரண்ட் போனாலும் அந்த முறையிலிருந்தே தொடரலாம்.

படி 1: நிறுவுதல்

வெஸ்நாத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலிருந்தோ இறக்குங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. வேறு தளங்களில் கிடைக்கும் கோப்புகளைத் தொட வேண்டாம். ஒரு மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் டச்பேடில் இந்த ஆட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: பயிற்சியும் முதல் கேம்பெயினும்

முகப்பில் இருக்கும் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். அதன் பிறகு கேம்பெயின், அதாவது காட்சி காட்சியாக நகரும் கதை ஆட்டம். முதலில் ‘எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ ஆடுங்கள், மொத்தமே நான்கு காட்சிகள். அடுத்து ‘தி சவுத் கார்ட்’. பழைய ஆட்டக்காரர்கள் ‘ஹெய்ர் டு தி த்ரோன்’ என்று சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் நீளம். முதல் மாதத்துக்கு அது வேண்டாம்.

படி 3: சதவீதத்தைப் படிப்பது

வெஸ்நாத்தில் அடி விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிரி நிற்கும் நிலம். மனித வீரன் புல்வெளியில் நின்றால் அவன்மேல் அடி விழ 60 சதவீத வாய்ப்பு. அவனே கோட்டையிலோ கிராமத்திலோ நின்றால் 40 தான். 40 சதவீதத்தில் மூன்று முறை குத்தினால் ஒன்றுகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம், அதாவது ஐந்தில் ஒரு முறைக்கும் மேல். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் கணினி ஏமாற்றுகிறது என்ற கோபம் வராது. தாக்கும்முன் திறக்கும் பெட்டியில் சேதக் கணக்கீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சண்டை முடிவில் யாருக்கு எவ்வளவு உயிர் மிஞ்சும் என்பதை வாய்ப்பு வாரியாகக் காட்டும். முக்கியமான ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் அதை அழுத்திப் பாருங்கள். மரங்களுக்கிடையிலோ கிராமத்திலோ பதுங்கிய எதிரிக்கு மந்திரவாதியை அனுப்புங்கள். அவருடைய மந்திரத் தாக்குதலுக்கு எந்த நிலமானாலும் 70 சதவீதம்.

படி 4: பகலும் இரவும்

என்னை நெடுநாள் நிறுத்திவைத்த இடம் இதுதான். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கும் மேல் இதைப் பற்றியவை என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

வெஸ்நாத்தில் ஒரு நாள் என்பது ஆறு முறைகள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் யாமம், இரண்டாம் யாமம். வீரர்களில் ஒளிச் சார்பு, இருள் சார்பு, நடுநிலை என்று பிரிவுகள் உண்டு. மனிதப் படையில் பெரும்பாலோர் ஒளிச் சார்பு. காலையிலும் பிற்பகலிலும் அவர்கள் அடி 25 சதவீதம் கூடும், இரண்டு யாமங்களிலும் அதே அளவு குறையும். ஓர்க்கு என்ற அரக்கர் இனத்துக்கும் பிணப்படைக்கும் இது தலைகீழ், அவை இருள் சார்பு. எல்ஃபு என்ற வனவாசி இனம் பெரும்பாலும் நடுநிலை. விடியலிலும் அந்தியிலும் இந்த மூன்று பிரிவுக்கும் கூடுதல் குறைவு இல்லை.

25 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஓர் ஈட்டி வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு குத்துக்கு 7 சேதம், மூன்று குத்து. பகலில் 7 என்பது 9 ஆகிறது, மூன்றும் விழுந்தால் 27. இரவில் அதே 7 என்பது 5 ஆகிறது, மூன்றும் விழுந்தாலும் 15 தான். ஒரே ஆள், ஒரே ஈட்டி, கிட்டத்தட்ட பாதி வலிமை. அதே நேரத்தில் எதிரில் நிற்கும் ஓர்க்கின் அடி ஏறியிருக்கும். பகலில் வென்ற வேகத்தில் அந்தியிலும் முன்னேறிக்கொண்டே போகிறவர்களின் படை இரண்டாம் யாமத்தில் கரைவது இதனால்தான்.

ஆகவே மனிதப் படையுடன் ஆடும்போது பிற்பகலிலேயே திரும்பும் வழியைப் பாருங்கள். அந்தியில் அடிபட்டவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புங்கள், முறைக்கு 8 உயிர் ஏறும். மற்றவர்கள் கோட்டையிலோ மலையிலோ நின்று இரவைத் தாங்கட்டும். எதிரி தானாக வந்து புல்வெளியில் நிற்பான். விடியலில் சூழுங்கள், காலையில் அடியுங்கள். கண்ட்ரோல், வி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எதிரிகள் எந்தெந்தக் கட்டம்வரை வர முடியும் என்று படத்தில் தெரியும். அந்தியில் இதைப் பார்க்காமல் நான் முறையை முடிப்பதே இல்லை.

படி 5: வழி மறிப்பது

ஆடுபுலி ஆட்டத்தில் 15 ஆடுகள் மூன்று புலிகளைக் கொல்வதில்லை, நகர இடமில்லாமல் அடைக்கின்றன. வெஸ்நாத்திலும் வெற்றி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. இங்கே கட்டங்கள் அறுகோணம். ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் காவல் காக்கிறான், அவற்றில் ஒன்றில் கால் வைக்கும் எதிரி அங்கேயே நின்றுவிட வேண்டும். இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் ஒரே முறையில் ஊடுருவ முடியாது. தோளோடு தோள் நிற்கத் தேவையில்லை, குறைந்த ஆட்களைக் கொண்டே அகலமான எல்லையை மறிக்கலாம். நிலை (லெவல்) பூஜ்யத்தில் உள்ள வீரர்களுக்கு மட்டும் இந்தக் காவல் கிடையாது.

பிற்சேர்க்கை: பல்லடத்திலிருந்து ஒரு வாசகர், இரண்டாவது காட்சியிலேயே தங்கம் (வீரர்களை எடுக்கச் செலவிடும் பணம்) தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பல காட்சிகளில் மிச்சத் தங்கத்தில் 40 சதவீதம்தான் அடுத்ததற்குப் போகும். சீக்கிரம் முடித்தால் தனியாக ஊக்கத்தொகை உண்டு. எதிரித் தலைவனைச் சுற்றி வளைத்த பிறகு இழுத்தடிக்காதீர்கள். இரண்டு, முந்தைய காட்சியில் தேறிய வீரர்களை 20 தங்கத்துக்குத் திரும்ப அழைக்கலாம். அவர்களை விட்டுவிட்டுப் புது ஆட்களையே எடுத்துக்கொண்டிருந்தால் போகப் போகக் கஷ்டம்தான்.

இன்னொருவர் எலும்புக்கூடுகளிடம் தோற்றுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். எலும்புக்கு ஈட்டியும் வாளும் சரியாக ஏறாது. கதாயுதம் ஏந்திய கனரகக் காலாளையும் நெருப்பு வீசும் மந்திரவாதியையும் முன்னால் விடுங்கள்.

அடுத்து என்ன ஆடலாம்?

வெஸ்நாத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்பதைப் பொறுத்து நான் சொல்வேன்.

அதிர்ஷ்டம் குறுக்கிடுவதே பிடிக்கவில்லை என்றால் ‘இன்டு தி பிரீச்’ (2018). எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே திரையில் தெரியும். அவனைத் தள்ளி, இழுத்து, அவன் அடியை அவன் கூட்டாளிமேலேயே விழவைக்க வேண்டும். இந்த வகையில் இவ்வளவு கச்சிதமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

வளர்த்த வீரர்கள்மேல் பாசம் வந்துவிட்டால் ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ (2012). நீங்கள் பெயர் வைத்த வீரன் செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டான். சதவீதம் இங்கேயும் உண்டு, ஆகவே படி 3 மறக்க வேண்டாம்.

நகரம் கட்டி நாடு ஆள ஆசைப்பட்டால் ‘சிவிலைசேஷன்’ வரிசை. 2025-இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழரையே எடுத்து ஆடலாம், ஆனால் பழைய லேப்டாப் அதற்கு ஈடுகொடுக்காது. அதுவரை ஆண்ட்ராய்டு போனில் ‘யுனிசிவ்’ போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பைத் தழுவி ஆர்வலர்கள் எழுதிய இலவச ஆட்டம். அதுவும் நீளமாகத் தெரிந்தால் ‘பேட்டில் ஆஃப் பாலிடோபியா’வில் 30 முறையில் முடியும் வகை இருக்கிறது. ஈரோட்டில் பஸ் ஏறிக் கோவை போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

பிற்சேர்க்கை 2: வீட்டில் ஒரே கணினி, அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆட வேண்டும் என்றால் வெஸ்நாத்திலேயே வழி இருக்கிறது. பலர் ஆடும் பகுதியில் உள்ளூர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கத்தையும் மனிதருக்கே ஒதுக்குங்கள். ‘தி ஃப்ரீலேண்ட்ஸ்’ என்ற இருவர் வரைபடம் முதல் ஆட்டத்துக்குச் சரியாக இருக்கும். மூடுபனியை, அதாவது உங்கள் வீரர்களுக்கு எட்டாத இடத்தில் எதிரி நிற்பதை மறைக்கும் அமைப்பை, அணைக்காதீர்கள். முறை மாறும்போது நடுவில் ஒரு பெட்டி வந்து படத்தை மறைக்கும், அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகு அதை மூடினால் போதும்.