செருக முடிவதெல்லாம் பொருத்தம் அல்ல: கேமிங் கணினி கட்டமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக ஒரு கேமிங் கணினியைத் தம் கையாலேயே கட்டமைக்க முனைபவருக்கு ஓர் ஆறுதல் சொல்லப்படுவதுண்டு: ஒவ்வொரு பாகமும் தனக்குரிய இடத்தில் மட்டுமே பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே எதையும் தவறாகச் செருகவே முடியாது என்பார்கள். இது பாதி உண்மை. டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டு ரேம்களுக்கும் 288 முனைகள்தான் என்றாலும், விளிம்பில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஆனால் இத்தகைய தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. தொடக்கநிலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, நன்றாகவே உட்கார்ந்துவிட்ட, ஆனால் அங்கே இருக்கக் கூடாத ஒரு பாகத்திலிருந்தோ, உள்ளே போய்விட்டதுபோல் தோன்றும் அரைகுறை இணைப்பிலிருந்தோதான் தொடங்குகின்றன.

பிராசஸரையும் மதர்போர்டையும் எடுத்துக்கொள்வோம். இன்டெலின் 8ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் 2017இல் வந்தபோது, அவற்றுக்கு முந்தைய இரண்டு தலைமுறைகள் பயன்படுத்திய அதே எல்ஜிஏ 1151 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) அளவுதான் அவற்றுக்கும் இருந்தது. ஆயினும் பழைய 100, 200 வரிசை மதர்போர்டுகள் அவற்றை ஆதரிக்கவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் நிலைமை சற்று இதமானது. 2018இல் வந்த பி450 மதர்போர்டில் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசை பிராசஸர் இயங்கும்; ஆனால் அந்தப் போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), புதிய பிராசஸரை அறிந்த பதிப்புக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே இருக்கும். பழி பிராசஸர்மீது விழும். எனவே சாக்கெட்டின் பெயரோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென வெளியிடப்பட்டிருக்கும் பிராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று அறிந்த பின்பே வாங்க வேண்டும். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்க உதவும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறத்தில் உண்டு. புதியவர் கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த வசதிகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

எம்.2 எஸ்எஸ்டியிலும் இதே மயக்கம் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதன் வழியே சாட்டா என்ற பழைய முறையில் பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ என்ற வேகமான முறையில் பேசுவதும் உண்டு. என்விஎம்இ மட்டும் அறிந்த ஸ்லாட்டில் பல சாட்டா எம்.2 எஸ்எஸ்டிகள் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பயாஸில் தென்படாது. சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். நேற்றுவரை வேலை செய்த ஹார்டு டிஸ்க் புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் காணாமல் போனால், அது பழுதடைந்துவிட்டதாக முடிவுகட்டுமுன் கையேட்டில் அந்த அட்டவணையைத் தேடிப் பார்ப்பது நல்லது.

பவர் சப்ளையில் செய்யும் தவறுகளே மிகுந்த இழப்பைத் தருபவை. மற்ற தவறுகள் பெரும்பாலும் நேரத்தை மட்டுமே வீணாக்கும், இவை பாகங்களையே எரித்துவிடும். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையில், கேபிளின் ஒரு முனை மதர்போர்டிலோ கார்டிலோ செருகப்படுகிறது; அந்த முனைக்குப் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளையில் செருகப்படும் மறுமுனைக்கு அப்படிப்பட்ட தரம் எதுவும் இல்லை. அதிலுள்ள எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட், எது எர்த் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும், சில வேளைகளில் ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு மாடல்களும், தத்தம் விருப்பப்படி அமைத்திருக்கலாம். பழைய பவர் சப்ளையைக் கழற்றிப் புதியதை வைப்பவர், கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டிவைத்த பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியில் செருகினால், 5 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து, எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் அவற்றிலுள்ள தரவுகளோடு ஒரு நொடியில் போய்விடக்கூடும். பவர் சப்ளை மாறினால் கேபிள்களும் மாற வேண்டும். இதற்கு விலக்குத் தேடுவதால் மிச்சமாவது அரை மணி நேர வேலை மட்டுமே.

பிராசஸருக்குரிய 8 முனை கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்குரிய 8 முனை கேபிளும் பார்வைக்கு இரட்டையர் போன்றவை. முன்னது பெரும்பாலும் 4+4 என்றும் பின்னது 6+2 என்றும் பிரியும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றொன்றில் எர்த் இருக்கும். பிளாஸ்டிக் முனைகளின் வடிவ வேறுபாடு தடுத்தாலும், பலத்தைப் பயன்படுத்தி அழுத்துபவரை அது முழுமையாகத் தடுத்துவிடாது. கேபிள் எளிதாக உள்ளே போக மறுத்தால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள்.

முழுதாகச் செருகாமல் விடுவதன் விளைவுக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு 600 வாட் வரை கடத்தக்கூடிய 16 முனை இணைப்பான் நன்கறிந்த சான்று. 2022இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வெளியான சில வாரங்களிலேயே அந்த இணைப்பான்கள் உருகிய படங்கள் பரவின. இறுதிவரை செருகப்படாமல் விடப்பட்டதே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று பின்னர் தெரியவந்தது. 2023இல் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் உணர்முனைகள் (இணைப்பைக் கார்டுக்கு உணர்த்தும் சிறு முனைகள்) குட்டையாக்கப்பட்டன. இணைப்பு ஆழமாகப் போகாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இருந்தாலும், செருகிய பின் இணைப்பானுக்கும் கார்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும், கேபிளை அதன் வாயருகிலேயே மடக்காதிருப்பதும் பயனரின் பொறுப்பாகவே இருக்கின்றன. பவர் சப்ளையின் மீதுள்ள 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது, பாதுகாப்பையோ ஆயுளையோ அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் திருகி, கேபிள்களைப் பின்புறம் ஒளித்துக் கட்டி, கண்ணாடிக் கதவையும் மூடிய பிறகு முதல்முறையாகப் பவர் பொத்தானை அழுத்துவது பெருந்தவறு. மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின்மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், தேவையானால் கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மட்டும் இணைத்து, பவர் பொத்தானுக்குரிய இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும், கணினி விழித்துக்கொள்ளும். திரையில் படம் வந்த பின் கேபினெட்டுக்குள் ஏற்றலாம். வெளியே இயங்கியது உள்ளே இயங்காவிட்டால், சந்தேகிக்க வேண்டியவை மிகச் சில: போர்டுக்குத் துளை இல்லாத இடத்தில் நின்று அதன் அடிப்பக்கத்தைத் தொடும் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்), வேறு முனைகளில் மாட்டிய முன்பக்கப் பொத்தானின் ஒயர், அல்லது நகர்த்தும்போது தளர்ந்த ஏதோ ஒன்று.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரிக்க மறப்பது நகைச்சுவையாகத் தோன்றினாலும் அடிக்கடி நேர்வது. தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைப்பதா, குறுக்குக்கோடாக வைப்பதா என்ற விவாதம், அதன்மீது செலவழிக்கப்படும் ஆவேசத்துக்குச் சிறிதும் தகுதியற்றது. நடுவில் சிறிதளவு வைத்து, கூலரின் திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினால் போதும்.

ரேம் இரண்டு இருக்கும்போது, நான்கு ஸ்லாட் கொண்ட போர்டில் அவற்றை அருகருகே செருகத் தோன்றும். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள்; அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே சேனலில் (தரவுப் பாதையில்) அமர்ந்து, கணினி குறையின்றி இயங்குவதுபோல் காட்டிக்கொண்டே நினைவக வேகத்தில் பாதியை இழந்துவிடும். அத்துடன், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 6000 என்ற வேகம் தானாக வந்துவிடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனப்படும் ரேம் வேக அமைப்பை இயக்கும்வரை டிடிஆர்5 ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிடிஆர்5 கணினியின் முதல் தொடக்கத்தில் ரேமைப் பயிற்றுவிக்கும் படி ஒன்று உண்டு. அப்போது திரை சில நிமிடங்கள் இருண்டிருக்கலாம். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பவர், அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கக் காரணமாகிறார்.

மானிட்டரின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் எச்டிஎம்ஐ வாயில் செருகுவதும் இவ்வகையே. பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் படம் வரும், விளையாட்டு தவழும், வாங்கியவர் கார்டை நொந்துகொள்வார். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸராக இருந்தால் படமே வராது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் கணினி எழவில்லை என்றால், பதற்றத்தில் ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்களைச் செய்வது அடுத்த தவறு. எழுந்துவிட்டாலும் எது காரணம் என்று தெரியாது. எழாவிட்டால் புதிதாக ஒரு தவறு சேர்ந்ததா என்பதும் தெரியாது. பல மதர்போர்டுகளில் சிபியூ (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடக்க டிஸ்க்) என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் உண்டு. கணினி எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டதோ அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும். டிரேம் விளக்கு எரிந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, ரேமை எடுத்து, இருபுறமும் கிளிக் ஒலி கேட்கும்வரை மீண்டும் அழுத்தி, ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு விஜிஏவுக்கு நகர்ந்தால் அதுவே முன்னேற்றம்தான். பயாஸ் அமைப்பை மாற்றிய பின் நின்றுபோனதென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டிலுள்ள பொத்தான் வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றிவைத்து மீண்டும் மாட்டினால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

விளையாட்டின் நடுவே மட்டும் கணினி நின்றுபோனால், விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் எக்ஸ்எம்பியை அணைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ரேம் அமைப்பே காரணம் என்பது செலவின்றித் தெளிவாகும். பாகமே குற்றவாளியாக இருக்கும் வேளைகளும் உண்டுதான். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் தேவைக்கு மிஞ்சிய வோல்ட்டேஜால் நிலைகுலைவு ஏற்படுவதை அந்நிறுவனம் 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டதோடு உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்தகைய பிராசஸரைப் பழையதாக வாங்குபவர் முதல்நாளே பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தேய்ந்துபோன பிராசஸரை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது.